பிள்ளைக்கு மூளையில் பிரச்சினை, டாக்டரோ நூறு பேப்பர் போட்டவர்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறந்த குழந்தைக்கு மூளையில் ஏதோ கோளாறு என்று தெரிந்த அன்றே வீட்டில் யாராவது ஒருவர் செல்போனை எடுத்து டாக்டரின் பெயரைத் தேட ஆரம்பித்துவிடுகிறார். தேடினால் வந்து விழுவது பெரும்பாலும் ஆய்வுக்கட்டுரைகளின் பட்டியல். தலையும் வாலும் புரியாமல், மருத்துவ நூலகத்தில் வேலை பார்த்தவன் என்ற ஒரே காரணத்துக்காக என்னிடம் கேட்பார்கள். தக்கலையிலிருந்து கேட்டாலும் குளச்சலிலிருந்து கேட்டாலும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. எந்தக் குழந்தைக்கு எந்தச் சிகிச்சை என்று இதில் தேட வேண்டாம். பட்டியலை எப்படி வாசிப்பது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த விஷயம்.

டாக்டரு நூறு பேப்பர் போட்டிருக்காருன்னு சொல்லுதாங்க. பேப்பர்னா என்னவாக்கும்?

ஒரு டாக்டரோ ஆய்வுக்குழுவோ தாங்கள் பார்த்ததை, செய்ததை, கணக்குப் போட்டதை எழுதி மருத்துவ இதழுக்கு அனுப்புவார்கள். இதழ் ஆசிரியர் அதை அதே துறையில் உள்ள வேறு டாக்டர்களிடம் கொடுத்து, குறை சொல்லச் சொல்வார். அதைத் தாண்டி அச்சாவதுதான் பேப்பர், அதாவது ஆய்வுக்கட்டுரை.

ஆனால் எல்லாப் பேப்பரும் ஒரே எடை இல்லை. அபூர்வமான ஒரே ஒரு குழந்தையின் கதையை எழுதினாலும் அது ஒரு பேப்பர். இதழுக்கு எழுதிய அரைப் பக்கக் கடிதமும் பட்டியலில் ஏறும். நானூறு குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் புதிய சிகிச்சையும் மற்றதுக்கு வழக்கமான சிகிச்சையும் கொடுத்து, ஒன்றரை வயது வரை பின்தொடர்ந்து எழுதியதும் ஒரு பேப்பர்தான். எண்ணிக்கையில் மூன்றும் ஒன்று, ஒன்று, ஒன்று. பட்டியலைப் பார்க்கும்போது முதலில் இதைப் பிரித்துப் பாருங்கள்.

இதையெல்லாம் எங்க பாக்கிறது? காசு கட்டணுமா?

வேண்டாம். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் 'பப்மெட்' 1997 முதல் எல்லோருக்கும் இலவசம். அதில் 3 கோடியே 50 லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகளின் விவரம் இருக்கிறது. பெரும்பாலானவற்றுக்குச் சுருக்கம் படிக்கலாம், பலவற்றுக்கு முழுக் கட்டுரையும் கிடைக்கும். நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1964 முதல் நடத்தும் 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' இதழை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். கூகுள் ஸ்காலரும் உண்டு, ஆனால் அது கண்டதையும் அள்ளிப்போடும். முதலில் பப்மெட்டில் பாருங்கள்.

ஆங்கிலம் தடையாக இருந்தால் சுருக்கத்தின் கடைசிப் பத்தியை மட்டும் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பாருங்கள். முடிவு அங்கேதான் இருக்கும். எத்தனை குழந்தைகள் என்ற எண்ணையும் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எங்க டாக்டர் பேரைப் போட்டா ஒண்ணுமே வரல. வேற மாதிரி போட்டா அறுநூறு வருது. இதுல எது அவரு?

இது நம் ஊர் டாக்டர்களுக்கென்றே வந்து வாய்த்த தலைவலி. பப்மெட் 'குடும்பப் பெயர், பிறகு முதலெழுத்து' என்ற கணக்கில் ஓடுகிறது. நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது, இருப்பது அப்பா பெயரின் இனிஷியல். ஒரு டாக்டரின் பெயர் குமார், அப்பா பெயர் தங்கராஜ் என்று வைத்துக்கொள்வோம். படிவத்தை நிரப்பியவர் எப்படி நிரப்பினாரோ அதைப் பொறுத்து அவர் 'குமார் டி' ஆகவும் வரலாம், 'தங்கராஜ் கே' ஆகவும் வரலாம். இரண்டாவதாக வந்த கட்டுரை எழுதியது அவருடைய அப்பாவா என்றுகூட ஒருவர் என்னிடம் கேட்டார்!

குமரி மாவட்டத்துப் பெயர்களில் இன்னொரு சிக்கல். ராஜ், தாஸ், சிங் என்று முடியும் பெயர்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அந்தக் கடைசித் துண்டைப் பிரித்து எழுதிவிட்டால் அதுவே குடும்பப் பெயராகிவிடும். நம் ஊர்க்காரர் பஞ்சாபிலுள்ள ஆயிரம் சிங்குகளோடு போய்க் கலந்துவிடுவார். பெண் டாக்டர்களுக்குத் திருமணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறியிருந்தால் பழைய கட்டுரைகள் ஒரு பெயரிலும் புதியவை இன்னொரு பெயரிலும் கிடக்கும்.

ஆகவே பெயரோடு ஊரையோ மருத்துவமனையையோ சேர்த்துத் தேடுங்கள். சில டாக்டர்கள் 'ஆர்சிட்' என்ற 16 இலக்க எண் வைத்திருப்பார்கள். அந்த எண் ஒருவருக்கு ஒன்றுதான். அதை வைத்துப் பார்த்தால் குழப்பம் வெகுவாகக் குறையும். 'ஒண்ணுமே வரல' என்பதை வைத்து 'அவர் ஒண்ணுமே எழுதல' என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

பேரு அஞ்சாவதா கிடக்கு. அப்ப அவரு ஒண்ணும் செய்யலையா?

மருத்துவக் கட்டுரைகளில் பொதுவாக முதல் பெயர் அதிகம் உழைத்தவருடையது. கடைசிப் பெயர் வழிகாட்டியவர், பெரும்பாலும் துறைத்தலைவர். நடுவில் உள்ளவர்கள் ஸ்கேன் பார்த்தவர், கணக்குப் போட்டவர், குழந்தைகளைச் சேர்த்தவர் என்று பலவகை. பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்யும் பெரிய ஆய்வில் ஐந்தாவதாக வருவதுகூடக் கௌரவம்தான். மூன்று பக்கக் கட்டுரையில் பன்னிரண்டு பேர் இருந்தால் அதில் ஐந்தாவது பெயருக்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்கமாட்டேன்.

நூறு பேப்பர் போட்டவரு பத்து பேப்பர் போட்டவரைவிட நல்ல டாக்டர்தானே?

இல்லை. அதிகம் கேட்கப்படுவதும் இந்தக் கேள்விதான், அதிகம் ஏமாற்றமடைவதும் இந்தப் பதிலால்தான். மருத்துவக் கல்லூரிகளில் பதவி உயர்வுக்கு ஆய்வுக்கட்டுரை கேட்கிறார்கள். ஆகவே கல்லூரியில் இருப்பவர் எழுதியே தீரவேண்டும். தனியார் மருத்துவமனையிலோ அரசு மாவட்ட மருத்துவமனையிலோ விடிய விடிய வேலை பார்ப்பவருக்கு எழுத நேரமும் இல்லை, எழுதச் சொல்லி நெருக்குபவரும் இல்லை. குழந்தையின் மண்டைக்குள் குழாய் வைக்கும் கையின் நிதானம் எந்தப் பட்டியலிலும் ஏறாது.

அப்படியென்றால் பட்டியல் வெறும் அலங்காரமா என்றால் அதுவும் இல்லை. அது வேறொன்றைச் சொல்லும். இவர் எந்தக் கேள்வியை விடாமல் துரத்தியிருக்கிறார்? தன் நோயாளிகளைப் பின்தொடர்ந்து கணக்கு வைத்திருக்கிறாரா? தோல்வியையும் எழுதியிருக்கிறாரா? நம் மாவட்டத்திலேயே உதாரணம் உண்டு. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல், 1922லும் 1924லும் எவரெஸ்ட் ஏறப் போன குழுக்களில் இருந்தவர். இங்கே வயிற்றுப்புண்ணோடு வந்து குவிந்த நோயாளிகளுக்கு ஏராளமாக அறுவை செய்து, அந்த அனுபவத்தை வைத்து இரைப்பை அறுவையைப் பற்றி எழுதினார். நோயாளிகளைப் பார்த்துப் பார்த்துப் பிறந்த எழுத்து அது. ஒருவருடைய பட்டியலில் நான் தேடுவது அந்தத் தொடர்ச்சியைத்தான். பிள்ளைகளின் தலைநீர் பற்றிப் பத்து வருடமாக ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு எழுதியவரின் எட்டுப் பேப்பர், இன்றைக்குக் கொரோனா, நாளைக்குச் சர்க்கரை என்று தாவியவரின் எண்பதைவிட எனக்குப் பெரிது.

எச்-இன்டெக்ஸ் 24ன்னு போட்டிருக்கு. நல்லதா, கெட்டதா?

ஒருவர் எழுதிய கட்டுரைகளில் 24 கட்டுரைகளை, ஒவ்வொன்றையும் குறைந்தது 24 தடவை மற்றவர்கள் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியல்காரர் கண்டுபிடித்த கணக்கு. வயதாக ஆக அது ஏறத்தான் செய்யும், இறங்காது. மூளைப் புற்றுநோய் மாதிரிப் பலர் எழுதும் துறையில் சீக்கிரம் ஏறும். உலகத்திலேயே கொஞ்சம் பேர் செய்யும் பச்சிளங்குழந்தை அறுவையில் மெதுவாக ஏறும். இரண்டு துறைக்காரர்களை இந்த எண்ணை வைத்து ஒப்பிடாதீர்கள்.

பிள்ளை பொறந்ததும் அழல. 'கூலிங்' வைக்கணும்னு ஒரு டாக்டர், வேண்டாம்னு இன்னொருத்தர். ரெண்டு பேருமே பேப்பர் காட்டுதாங்க. எது உள்ளது?

இரண்டுமே உள்ளதுதான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு பட்டியலை எப்படி வாசிக்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

பிரசவ நேரத்தில் மூளைக்கு ஆக்சிஜன் குறைந்துபோன குழந்தையை, பிறந்து 6 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 72 மணி நேரம் சுமார் 33.5 டிகிரி செல்சியஸில் குளிர்ச்சியாக வைத்திருப்பதுதான் கூலிங். 2005இல் அமெரிக்காவில் 208 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், இறப்பு அல்லது கடுமையான, நடுத்தரமான ஊனம் என்ற மோசமான முடிவு குளிர்வித்த குழந்தைகளில் 44 சதவீதம், மற்றவர்களில் 62 சதவீதம். 2009இல் வந்த பிரிட்டனின் 'டோபி' ஆய்வில் 325 குழந்தைகள். அதிலும் பாதிப்பில்லாமல் பிழைத்த குழந்தைகள் குளிர்வித்த பிரிவில் அதிகம். பணக்கார நாடுகளில் அதுவே வழக்கமான சிகிச்சை ஆகிவிட்டது. நம் நாட்டிலும் வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் மின்சாரத்தில் ஓடும் விலையுயர்ந்த கருவிக்குப் பதிலாக, வெப்பத்தை உறிஞ்சும் பொருள் அடைத்த மலிவான படுக்கையை வைத்துச் செய்து காட்டி எழுதினார்கள்.

அப்புறம் 2021இல் 'ஹீலிக்ஸ்' ஆய்வு வந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சுதின் தய்யில் தலைமையில், இந்தியா, இலங்கை, வங்கதேசத்திலுள்ள 7 பெரிய மருத்துவமனைகளில் 408 குழந்தைகள். சென்னையும் அதில் ஒரு இடம். இறப்பு அல்லது ஊனம் குளிர்வித்த பிரிவில் 50 சதவீதம், மற்றதில் 47 சதவீதம், அதாவது பலன் இல்லை. இறப்பை மட்டும் பார்த்தால் 42க்கு 31, குளிர்வித்த பக்கம்தான் அதிகம். ஏன் இப்படி? நம் பக்கத்துக் குழந்தைகளில் மூளைப் பாதிப்பு பிரசவத்துக்கு முன்பே ஆரம்பித்திருக்கலாம், தாயின் சத்துக்குறைவும் தொற்றும் சேர்ந்திருக்கலாம் என்றெல்லாம் வாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லா வசதியும் உள்ள இடத்தில், குழந்தையைச் சரியாகத் தேர்ந்தெடுத்துச் செய்தால் நம் நாட்டிலும் பலன் உண்டு என்று சொல்லும் டாக்டர்களும் இருக்கிறார்கள். ஆகவே உங்களுக்குப் பேப்பர் காட்டுபவரிடம் ஒன்று கேளுங்கள்: "இது எந்த ஊர்ப் பிள்ளைகளை வச்சுச் செஞ்சது, எங்க பிள்ளை அவங்களை மாதிரியா?"

பலன் இல்லைன்னு தெரிஞ்ச ஆராய்ச்சியை எதுக்கு எழுதுதாங்க? அது தோல்விதானே?

எழுதாமல் விட்டால்தான் தோல்வி. ஹீலிக்ஸ் குழு தன் முடிவை அமுக்கிவைத்திருந்தால், இன்றைக்கும் அந்தச் சிகிச்சையை நன்மை என்று நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு செய்துகொண்டிருப்போம். இதே நோய்க்கு எரித்ரோபொயட்டின் என்ற ஊசியைக் கூலிங்கோடு சேர்த்துக் கொடுத்தால் நல்லது என்று பலரும் எதிர்பார்த்தார்கள். 2022இல் அமெரிக்காவில் 500 குழந்தைகளை வைத்து முடித்த ஆய்வு, பலன் இல்லை என்று சொன்னது. பிறகு அந்த ஊசிக்காக யாரும் வீட்டை அடகு வைக்க வேண்டியதில்லை.

ஒரு டாக்டரின் பட்டியலில் 'பலன் கிடைக்கவில்லை' என்ற முடிவு ஒன்றுகூட இல்லாமல் எல்லாமே வெற்றியாக இருந்தால், எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்.

தலையில நீர் கோத்திருக்கு, ஷன்ட் வைக்கணும்னாங்க. வெளிநாட்டு ஷன்ட்தான் நல்லதுன்னு சொந்தக்காரங்க சொல்லுதாங்க. கடன் வாங்கி வைக்கவா?

ஷன்ட் என்பது தலையில் கோத்த நீரை வடியவைக்க உள்ளே வைக்கும் குழாய். உங்கள் கேள்விக்கு நேரடியாகவே ஒரு பேப்பர் உண்டு. உகாண்டாவின் ம்பாலே என்ற ஊரில் குழந்தைகள் மருத்துவமனையில் வேலை பார்த்த அமெரிக்க மூளை அறுவை நிபுணர் பெஞ்சமின் வார்ஃப், 195 குழந்தைகளை வைத்து 2005இல் எழுதியது. உத்தரப்பிரதேசத்தில் தயாராகும் சாப்ரா ஷன்ட்டையும் மேல்நாட்டு ஷன்ட் ஒன்றையும் ஒப்பிட்டார். அன்றைய விலை சாப்ரா 35 டாலர், மேல்நாட்டு ஷன்ட் 650 டாலர். ஒரு வருடம் பின்தொடர்ந்து பார்த்ததில் குறிப்பிடும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை.

எல்லாக் குழந்தைக்கும் எல்லா ஷன்ட்டும் ஒன்று என்று இதற்கு அர்த்தம் இல்லை. குறைப்பிரசவக் குழந்தைக்கோ, அழுத்தத்தை வெளியிலிருந்து மாற்றிக்கொள்ள வேண்டிய நிலையிலோ டாக்டர் குறிப்பிட்ட ஒன்றைச் சொல்லலாம். காரணம் சொல்லிக் கேட்டால் சரி. 'ஃபாரின்' என்பது மட்டும் காரணம் இல்லை.

ஷன்ட்டே வேண்டாம், உள்ள துளை போட்டா போதும்னு யூடியூப்ல சொல்லுதாங்களே?

அதே வார்ஃப்தான் அதற்கும் முன்னோடி. மூளைக்குள் சிறு கேமராக் குழாயை விட்டு, நீர் வடிய ஒரு வழி திறந்து, நீர் சுரக்கும் திசுவையும் சுட்டுவிடும் முறை அது. 2017இல் உகாண்டாவிலேயே 6 மாதத்துக்கு உட்பட்ட 100 குழந்தைகளில் இந்த முறையையும் ஷன்ட்டையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்டார்கள். தொற்றுக்குப் பிறகு நீர் கோத்த குழந்தைகள் அவர்கள். ஒரு வயதில் அறிவு வளர்ச்சியில் இரண்டு பிரிவும் ஒன்றுதான். துளை போட்டால் உடம்புக்குள் குழாய் இருக்காது, அடைப்பும் தொற்றும் என்று பிறகு அலைய வேண்டாம். அது பெரிய லாபம். ஆனால் எல்லாருக்கும் அது பலிக்காது. குழந்தையின் வயது, நீர் கோத்த காரணம், முன்பு ஷன்ட் வைத்திருக்கிறதா என்ற மூன்றையும் வைத்து வெற்றி வாய்ப்பைக் கணக்கிட ஒரு மதிப்பெண் முறையே இருக்கிறது. "எங்க பிள்ளைக்கு அந்த ஸ்கோர் எவ்வளவு டாக்டர்?" என்று தாராளமாகக் கேட்கலாம்.

ஆபரேஷன்னா மயக்கமருந்து. அந்த மருந்தே மூளையைக் கெடுக்காதா?

எலிக்குட்டிகளில் பார்த்த ஆய்வுகளிலிருந்து கிளம்பிய பயம் இது, நியாயமான பயம்தான். அதனால் 7 நாடுகளில் 722 கைக்குழந்தைகளை வைத்து 'காஸ்' என்ற ஆய்வு நடத்தினார்கள். குடலிறக்க அறுவைக்கு வந்த குழந்தைகளில் பாதிப்பேருக்கு முழு மயக்கம், பாதிப்பேருக்கு மரத்துப்போகும் ஊசி மட்டும். 5 வயதில் சோதித்தபோது அறிவுத்திறனில் வித்தியாசம் இல்லை. 2019இல் வந்தது.

இதில் ஒரு நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். அந்த மயக்கம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது, ஒரே தடவை. மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் அல்லது திரும்பத் திரும்ப வரும் மயக்கம் பற்றி, 3 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அமெரிக்க மருந்து அமைப்பு 2016இல் எச்சரிக்கை விட்டிருக்கிறது. ஆனால் தலையில் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது மயக்கமருந்துக்குப் பயந்து அறுவையைத் தள்ளிப்போடுவது அதைவிடப் பெரிய ஆபத்து. அந்த எச்சரிக்கையிலேயே, அவசியமான அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் பிள்ளை முதுகுல கட்டியோட பொறந்துச்சு. அடுத்ததுக்கும் வருமா?

வர வாய்ப்புண்டு, ஆனால் தடுக்க வழி இருக்கிறது. இந்தத் துறையிலேயே மிகத் தெளிவான பேப்பர்களில் ஒன்று 1991இல் வந்தது. இப்படி முதுகுத்தண்டு சரியாக மூடாத குழந்தை பெற்ற தாய்மார்களுக்கு அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தினமும் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்தார்கள். திரும்ப வருவது 72 சதவீதம் குறைந்தது. கர்ப்பம் தெரிந்த பிறகு மாத்திரையை ஆரம்பித்தால் பெரும்பாலும் காலம் கடந்துவிடும். அடுத்த பிள்ளைக்கு யோசிக்கும்போதே டாக்டரைப் பாருங்கள்.

எங்க ஊரு மணவாளக்குறிச்சி பக்கம். அந்த மண்ணுனாலதான் பிள்ளைக்கு மூளை வளர்ச்சி இல்லன்னு சொல்லுதாங்க. அதுக்குப் பேப்பர் இருக்கா?

மணவாளக்குறிச்சி, சின்னவிளைக் கடற்கரை மணலில் மோனசைட் உண்டு, அதில் தோரியம் உண்டு. இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம் என்பது உண்மை. இதே மணல் உள்ள கொல்லம் கடற்கரையில் செய்த ஒரு ஆய்வு 1976இல் 'நேச்சர்' இதழில் வந்தது. அங்கே டவுன் நோய்க்குறியும் மனவளர்ச்சிக் குறைவும் அதிகம் என்று அது சொன்னது. பயம் அங்கிருந்துதான் பரவியது.

ஆனால் டவுன் நோய்க்குறிக்குத் தாயின் வயது பெரிய காரணம். ஒப்பிட்ட இரண்டு ஊர்களும் உண்மையிலேயே ஒப்பிடத் தக்கவையா என்ற கேள்வி எழுந்தது. பிறகு பாபா அணு ஆராய்ச்சி மையம் 1995 முதல் கொல்லம் பகுதி மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள். கதிர்வீச்சு அதிகமான இடத்தில் பிறவிக் குறைபாடு அதிகம் என்று அதில் தெரியவில்லை.

இதிலும் எல்லை உண்டு. பிறந்தவுடன் கண்ணுக்குத் தெரியும் குறைகளைத்தான் அது எண்ணியது, பள்ளிக்கூட வயதில் தெரியும் சிரமங்களை அல்ல. கொல்லத்தில் செய்தது, நம் கடற்கரையில் அல்ல. ஆனாலும் ஒரு குழந்தைக்கு வளர்ச்சி தாமதம் என்றால் மணலைக் குற்றம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். பிரசவ நேரச் சிக்கல், மஞ்சள் காமாலை, தைராய்டு, தொற்று, நெருங்கிய சொந்தத்தில் திருமணம் என்று பார்க்க வேண்டியவை நிறைய உண்டு. தைராய்டு குறைவை முதல் சில வாரங்களிலேயே கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தால் மூளை தப்பித்துவிடும்.

பணம் கட்டினா யாரும் பேப்பர் போடலாமாமே?

அப்படியும் இதழ்கள் இருக்கின்றன. அனுப்பிய வாரமே ஏற்றுக்கொள்வார்கள், குறை சொல்ல ஆளே இருக்காது. ஆனால் பணம் வாங்குவது மட்டுமே போலிக்கு அடையாளம் இல்லை. வாசகருக்கு இலவசமாகத் தரும் நல்ல இதழ்கள் பலவும் எழுதுபவரிடம் கட்டணம் வாங்குகின்றன. இதழின் பெயர் பெரிதாக இருப்பதும் சான்று இல்லை. 'சர்வதேச', 'உலக', 'நவீன' என்ற சொற்கள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு உஷாராக இருங்கள். சங்கங்கள் நடத்தும் பழைய இதழ்களில் வந்திருந்தால் பெரும்பாலும் கவலையில்லை.

அச்சான பேப்பரை வாபஸ் வாங்குவாங்களாமே, அது எப்படித் தெரியும்?

பப்மெட்டில் அந்தக் கட்டுரையின் மேலேயே எச்சரிக்கைப் பட்டை இருக்கும். எம்.எம்.ஆர். தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பயத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டு 'லான்செட்' கட்டுரை வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதியது. 2010இல் வாபஸ் ஆனது. நடுவில் 12 வருடம். அந்த வதந்தி இன்னும் வாட்ஸ்ஆப்பில் சுற்றுவதைப் பார்த்தால், வாபஸ் என்பது பயத்தின் வேகத்தில் ஓடுவதில்லை என்று தெரிகிறது. நல்லெண்ணத்தில் செய்த கணக்குத் தவறுக்காகத் தாமே வாபஸ் வாங்கியவர்களும் உண்டு. அவர்களை மோசடிக்காரர்களோடு சேர்க்காதீர்கள், காரணத்தையும் படியுங்கள்.

எங்க பிள்ளையை ஆராய்ச்சியில சேக்கலாமான்னு கேக்கிறாங்க. எலி மாதிரி ஆக்கிருவாங்களோ?

முதலில், மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. நடுவில் விலகவும் செய்யலாம். புரியும் மொழியில் எழுதிய தாளைக் கேட்டு வாங்கி, வீட்டில் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்திருக்கிறதா, ஆய்வினால் தீங்கு வந்தால் யார் பொறுப்பு என்று கேளுங்கள்.

நம் நாட்டில் இந்த மாதிரி மருத்துவப் பரிசோதனைகளைப் பதிவு செய்ய 2007 முதல் தனிப் பதிவேடு இருக்கிறது. இணையத்தில் யாரும் பார்க்கலாம். 2009 முதல் ஆரம்பிக்கும் முன்பே பதிவது கட்டாயம். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஒரு டாக்டரின் பட்டியலைப் பார்க்கும்போதும் இது உதவும். பதிவேட்டில் ஆரம்பித்தது தெரிகிறது, வருடங்கள் ஓடியும் பேப்பர் வரவில்லை என்றால், மேலே சொன்ன 'எழுதாமல் விட்ட' கதையோ என்று கேட்கலாம்.

ஆனால் ஒன்று. மேலே நான் சொன்ன எந்த எண்ணும் யாரோ ஒரு அம்மா, அப்பா சரி என்று கையெழுத்துப் போட்டதால் கிடைத்தது.

இங்க உள்ள டாக்டர் ஒரு பேப்பரும் போடல. பேசாம திருவனந்தபுரம் போயிரலாமா?

அவசர நேரத்தில் பேப்பரைத் தேடாதீர்கள். மூச்சுத்திணறும், வலிப்பு வரும் குழந்தைக்கு முதல் மணி நேரங்கள்தான் முக்கியம். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியோ, பச்சிளங்குழந்தை ஐ.சி.யூ. உள்ள வேறு இடமோ, பக்கத்தில் இருப்பதற்குப் போங்கள். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் 70 கிலோமீட்டர்தான், ஆனால் மார்த்தாண்டத்தையும் களியக்காவிளையையும் தாண்டும் நேரம் யார் கையிலும் இல்லை. குழந்தையை நிலைப்படுத்தாமல் காரில் தூக்கிப்போட்டு ஓடினால் வழியிலேயே உடம்பு குளிர்ந்து, சர்க்கரை இறங்கி, நிலைமை மோசமாகும். போகத்தான் வேண்டும் என்று டாக்டர் சொன்னால் 108இல் பச்சிளங்குழந்தைகளுக்கான ஆம்புலன்ஸைக் கேளுங்கள்.

அவசரம் இல்லாத, திட்டமிட்டுச் செய்யும் அறுவை என்றால் கதை வேறு. அப்போது திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிலையம், வேலூர், சென்னை என்று இரண்டாவது கருத்துக் கேட்பதில் தப்பில்லை. பட்டியலும் அப்போதுதான் பயன்படும்.

அப்ப டாக்டர்கிட்ட என்னதான் கேக்கிறது?

பேப்பர் எத்தனை என்று கேட்காதீர்கள். "இந்த ஆபரேஷன் உங்க ஆஸ்பத்திரியில வருசத்துக்கு எத்தனை நடக்கு? ஷன்ட் வச்சதுல எத்தனைக்குத் தொற்று வந்து திரும்ப எடுத்தீங்க? ஒரு வயசு, ரெண்டு வயசுல அந்தப் பிள்ளைங்க எப்படி இருக்காங்கன்னு பாத்தீங்களா?" என்று கேளுங்கள். எண்ணைச் சொல்பவர், "கணக்கு எடுக்கணும், அடுத்த வாரம் சொல்லுதேன்" என்பவர், கோபப்படுபவர் என்று மூன்று வகை உண்டு. முதல் இரண்டு பேரையும் நான் நம்புவேன்.

ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தாச்சு. இனி பேப்பர் எதுக்கு?

இந்தப் பட்டியல்களிலேயே எனக்கு மிகப் பிடித்த பேப்பர் இங்கேதான் வருகிறது. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் எம்.கே.சி. நாயர் குழுவினர் 1991இல் இந்தியன் பீடியாட்ரிக்ஸில் எழுதியது. இரண்டு வயது வரையான வளர்ச்சியைச் சோதிக்க ஒரே தாளில் 17 கட்டங்கள், அவ்வளவுதான். குழந்தையின் வயதில் ஒரு பென்சிலை நேராக வைக்க வேண்டும். அதற்கு இடதுபக்கம் முடிந்துபோன கட்டத்தில் உள்ளதைக் குழந்தை செய்யவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பயிற்சி பெற்ற அங்கன்வாடிப் பணியாளரே செய்துவிடலாம்.

அந்த அட்டவணையை உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். குறைப்பிரசவக் குழந்தை என்றால் பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து வயதை எண்ணுங்கள். தாமதம் தெரிந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் இலவசமாகவே பயிற்சி உண்டு. டிஸ்சார்ஜ் தாளில் ஷன்ட்டின் பெயர், அழுத்த அளவு, வைத்த தேதி மூன்றும் இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்பே பாருங்கள். இல்லையென்றால் எழுதி வாங்கி, செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி, விடாத அழுகை, உச்சிக்குழி புடைப்பு, கண் கீழே இறங்குவது, காய்ச்சல் என்று எது வந்தாலும் அந்தத் தாளோடு உடனே போக வேண்டும்.